முடி உதிர்வு சிகிச்சைக்குப் போகும் முன்

தை மாதம் கல்யாணம் என்றால் மார்கழியில் காரைக்குடித் தோல் மருத்துவரிடம் போய், "அதுக்குள்ள அடர்த்தியாயிடுமா?" என்று கேட்பவர்கள் நம் பக்கம் உண்டு. ஆகாது. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும். சிகிச்சையின் பலன் கண்ணுக்குத் தெரியப் பொதுவாக 4 முதல் 6 மாதம் பிடிக்கும். முடி நடவு என்றால் ஏறக்குறைய ஒரு வருடம்.

முதலில் காரணம் தெரிய வேண்டும். கடும் காய்ச்சலோ பிரசவமோ முடிந்து 2, 3 மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டினால், பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். தைராய்டு கோளாறோ இரும்புச்சத்துக் குறைவோ இருந்தால், அதைச் சரிசெய்யாமல் தலைக்கு மட்டும் செலவழிப்பது வீண். பரம்பரை வழுக்கை வேறு. அதற்கு மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்தைத் தடவும் முதல் சில வாரம் உதிர்வு கூடலாம், பயந்து விட்டுவிடாதீர்கள். பிறகு நிறுத்தினால், வந்த பலனும் சில மாதத்தில் போய்விடும். இதையெல்லாம் சொல்லாமல் பேக்கேஜ் விலையை மட்டும் சொல்லும் இடத்தில் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

அரிப்பு, எரிச்சலோடு திட்டுத்திட்டாகக் கொட்டினால் உடனே காட்டுங்கள். தழும்பாகி வேர்க்கால் அழிந்துவிட்டால் மருந்தால் அங்கே முடி முளைக்காது.

தினமும் கண்ணாடி பார்ப்பதை விட்டு, மாதம் ஒருமுறை வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) அதே இடத்தில், அதே நேரத்து வெளிச்சத்தில் வகிட்டைப் படம் எடுத்து வையுங்கள். எண்ணெய் வைத்த அன்று வேண்டாம். முடி ஒட்டிக்கொண்டு மண்டை கூடுதலாகத் தெரியும். அடுத்த முறை மருத்துவரிடம் அந்தப் படங்களையே காட்டுங்கள்.