வெப்பமண்டலச் சுற்றுலா: பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு முதன்முறையாகச் செல்ல விரும்புவோர் பலர், விமானக் கட்டணம் குறைந்திருக்கும் நாளில் அவசரமாகச் சீட்டை எடுத்துவிட்டு, அதன் பிறகே அந்த மாதத்தில் அங்கு மழை பெய்யுமா, விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்ற கேள்விகளுக்கு வருகிறார்கள். நான் கவனித்தவரை, கெட்டுப்போகும் பயணங்களில் பெரும்பாலானவை இந்த வரிசைக் குழப்பத்தால்தான் கெடுகின்றன. பயணச்சீட்டு எடுப்பது நான்காவதாகச் செய்ய வேண்டிய வேலை.

படி 1: மாதத்தையும் கடற்கரையையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட நாடுகளில் கோடையா குளிரா என்று பார்ப்பதைவிட, மழைக்காலமா வறண்ட காலமா என்று பார்ப்பதே பயன் தரும். ஆனால் ஒரு நாடு முழுவதற்கும் ஒரே மழைக்காலம்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தாய்லாந்தில், அந்தமான் கடலை நோக்கிய புக்கெட், கிராபி பகுதிகளில் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அதே நாட்டின் மறுபுறத்தில், வளைகுடாவில் இருக்கும் கோ சமுய் தீவிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை கொட்டுகிறது. இலங்கையிலும் இதே கதைதான்: டிசம்பர் முதல் மார்ச் வரை தென்மேற்குக் கரை உகந்தது, மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலையும் அறுகம் குடாவும் உகந்தவை. ஆகவே "எந்த நாடு" என்ற கேள்வியோடு நிற்காமல், "எந்தக் கரை" என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரீபியனில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. அதன் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. அந்த மாதங்களில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால், சூறாவளிகள் வழக்கமாகக் கடக்கும் பாதைக்குத் தெற்கே ஒதுங்கியிருக்கும் அருபா, பொனேர், குராசவ் தீவுகளைப் பரிசீலிக்கலாம்.

மழையளவை மட்டும் பார்ப்பதும் போதாது. பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓயும் மழையால் பயணம் பாழாவதில்லை. கடல் கொந்தளித்துப் படகுகள் நிறுத்தப்படுவதும், நீர் கலங்கிப்போவதும்தான் உண்மையான இழப்பு. சில இடங்கள் குறிப்பிட்ட மாதங்களில் மூடியே வைக்கப்படுகின்றன. தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் ஆண்டுதோறும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை பயணிகளுக்குத் திறந்திருப்பதில்லை.

படி 2: பயணத்தைக் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

தொடக்கநிலைப் பயணிகள் அதிகம் தவறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாலத்தீவின் தொலைதூரத் தீவுகளுக்கு அழைத்துச் செல்லும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும், அந்தியும் விரைவில் முடிந்துவிடும். இதை அறியாமல் நான் என் முதல் பயணத்தில் மாலை ஐந்து மணிக்குத் தரையிறங்கும் விமானத்தைத் தேர்ந்தெடுத்தேன். குடிநுழைவு வரிசையைத் தாண்டிப் பெட்டியை எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. அன்றிரவு விமான நிலையத்துக்கு அருகே வேறோர் அறையில் தங்க நேர்ந்ததால், தீவு விடுதிக்கு முன்பே கட்டியிருந்த ஓர் இரவின் பணம் வீணானது. தவறு முழுக்க என்னுடையதுதான், விடுதியின் இணையப் பக்கத்தில் அந்த விவரம் தெளிவாகவே இருந்தது.

எனவே ஒரு தாளை எடுத்து, வீடு திரும்பும் விமானத்தின் நேரத்தை முதல் வரியில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். திரும்பும் விமானம் ஞாயிறு காலை 9 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். சின்னஞ்சிறு தீவிலிருந்து படகில் வர வேண்டும் என்றால், கடல் சீற்றத்தால் படகு நின்றுபோகும் வாய்ப்பையும் கணக்கில் கொண்டு, சனிக்கிழமை இரவை விமான நிலையம் உள்ள தீவிலேயே கழிப்பது நல்லது. ஸ்கூபா முக்குளிப்பும் திட்டத்தில் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாள்களிலோ பல முறை முக்குளித்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை, ஏனெனில் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறையும்போது குமிழ்களாக மாறக்கூடும். அதன்படி சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குள் நீங்கள் கடைசியாக நீரிலிருந்து மேலே வந்திருக்க வேண்டும். விமானத்துக்கு மட்டுமல்ல, மலைக்கும் இது பொருந்தும்: ஹவாயின் மாவி தீவில் காலையில் முக்குளித்துவிட்டு, மாலையில் 3,055 மீட்டர் உயரமுள்ள ஹாலெயகலா உச்சிக்கு வண்டியில் ஏறுவது ஆபத்தானது.

உள்ளூர் நாட்காட்டியையும் அதே தாளில் சரிபாருங்கள். பாலியில் நியெப்பி எனப்படும் மௌன நாளன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படுகிறது. அது பெரும்பாலும் மார்ச்சில் வரும், தேதி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

படி 3: ஆவணங்களும் தடுப்பூசியும்

பல நாடுகள் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாக வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பிறகே செல்லுபடியாகும் என்பதைப் பலர் கடைசி வாரத்தில்தான் அறிகிறார்கள். அந்நோய் உள்ள நாட்டின் வழியாக விமானம் மாறிச் செல்பவர்களிடமும் சான்றிதழைக் கேட்கக்கூடும். மலேரியா தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டியிருப்பதால், குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

படி 4: இப்போது சீட்டும் அறையும் காப்பீடும்

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது படங்களோடு, கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையையும் பாருங்கள். தான்சானியாவின் சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில் நீர் வற்றும் வேளையில் கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்குவதால், விளம்பரப் படத்தில் நீல நீர் நிரம்பியிருக்கும் இடத்தில் நண்பகலில் ஈரமணல் மட்டுமே இருக்கக்கூடும்.

சீட்டு எடுத்த அன்றே காப்பீடும் எடுப்பது நல்லது. ஒரு புயலுக்குப் பெயர் வைக்கப்பட்ட பிறகு வாங்கும் காப்பீடு, அந்தப் புயலால் ஏற்படும் இழப்புகளைப் பொதுவாக ஏற்பதில்லை. வாடகை ஸ்கூட்டர் ஓட்டும் எண்ணம் இருந்தால், அந்நாட்டில் செல்லுபடியாகும் உரிமம் உங்களிடம் உள்ளதா என்றும் பாருங்கள், உரிமம் இல்லாமல் ஏற்படும் விபத்துக்குப் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தருவதில்லை.

படி 5: பெட்டியும் அன்றாட அட்டவணையும்

சூரியத் தடுப்புக் களிம்பு வாங்கும்போது அதன் மூலப்பொருள்களைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்தவற்றின் விற்பனைக்கு ஹவாயில் 2021 முதல் தடை உள்ளது. பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-லேயே பவளப்பாறைகளுக்குத் தீங்கு செய்யும் களிம்புகளைத் தடைசெய்துவிட்டது. டெங்கு பரப்பும் கொசுக்கள் பெரும்பாலும் பகலில் கடிக்கும் என்பதால் கொசு விரட்டி பகலிலும் தேவை. முதலில் களிம்பைப் பூசி, அதன் மேல் கொசு விரட்டியைத் தடவ வேண்டும்.

ஒரு நாளுக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி போதும், அதையும் காலையில் வைத்துக்கொண்டு, வெயில் உச்சத்தில் இருக்கும் நண்பகலை நிழலுக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் எதற்காக அந்தத் தீவுக்குப் போகிறீர்களோ அந்தக் கடல் பயணத்தை இரண்டாம் நாளிலேயே முன்பதிவு செய்யுங்கள். அன்று கடல் இடம் கொடுக்காவிட்டாலும், அதை மூன்றாம் நாளுக்கோ நான்காம் நாளுக்கோ தள்ளிவைக்க முடியும்.