தெருவில் கிடைத்த கினிப்பன்றி: முதல் நாளில் செய்யக்கூடாதவை

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு போகிற சாலையோரத் தோப்புகளிலோ குற்றாலத்து விடுதிகளின் கொல்லைப்புறத்திலோ ஒரு கினிப்பன்றி ஒண்டிக் கிடந்தால், மலையிலிருந்து இறங்கி வந்த பிராணி என்று நினைக்க வேண்டாம். அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. யாரோ வளர்த்து அலுத்துப்போய் விட்டுச் சென்றது, இல்லையென்றால் கூண்டிலிருந்து தப்பியது. வால் கிடையாது. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. வளர்ந்தது முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல்வரை இருக்கும். இவ்வளவு பார்த்தால் போதும். பார்க்காதவர்கள்தான் பெருச்சாளி என்று கம்பை எடுக்கிறார்கள்.

"புல்தானே தின்கிறது, ரப்பர் தோட்டத்துப் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பிழைக்காது. வளை தோண்டிப் பதுங்கத் தெரியாது, மரம் ஏற வராது, ஆபத்து வந்தால் பாதி நேரம் நின்ற இடத்திலேயே விறைத்துப்போகும். கீரி, நாய், பூனை, காக்கை என எல்லாவற்றுக்கும் சுலபமான இரை. வனத்துறைக்கு போன் போடுவதிலும் பயனில்லை. இது வனவிலங்கே அல்ல. வளர்ப்புப் பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அப்படிச் சொல்பவர்களிடம் சொல்லி வைக்கலாம்.

பிடிக்கும்போது

விரட்டக் கூடாது. விரட்டினால் விறகுக் குவியலுக்குள்ளோ ஓட்டு அடுக்குக்குள்ளோ புகுந்துகொள்ளும். பிறகு ராத்திரி முழுக்க வெளியே வராது. கினிப்பன்றி சுவரோரமாகவே ஓடும். அதனால் சுவரை ஒட்டி ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, உள்ளே வெள்ளரித் துண்டும் கொத்தமல்லியும் போட்டு, பின்னாலிருந்து இரண்டு பேர் ஒரு பலகையைப் பிடித்தபடி மெதுவாக நெருங்கினால் தானாகப் பெட்டிக்குள் போய்விடும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பக்கத்துக்குக் கீழே. முயலைப் போலப் பிடரியைப் பற்றித் தூக்க வேண்டாம். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே எலும்போ முன்பல்லோ உடையும்.

ஒன்றைப் பிடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் ஜோடியாகவோ கூட்டமாகவோதான் கொண்டுவந்து விடுகிறார்கள். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் மற்றது எங்கேயாவது "வீக் வீக்" என்று கூப்பிடும்.

சாரலில் நனைந்திருந்தால் துண்டால் ஒற்றித் துடைத்தால் போதும். அழுக்காக இருக்கிறதே என்று ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவது, ஏற்கெனவே குளிர்ந்த உடம்பை இன்னும் குளிர வைக்கும். காதும் பாதமும் சில்லென்று இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்து போக அதற்கு இடம் வேண்டும். உடம்பு சூடாகும் முன் வாயில் எதையும் ஊட்டக் கூடாது. சித்திரை வெயிலில் கிடைத்ததென்றால் நேர்மாறு. 28 டிகிரிக்கு மேலேயே இதற்குச் சிரமம் தொடங்கிவிடும். எச்சில் வடிய, வேகமாக மூச்சிரைத்தபடி நீட்டிப் படுத்திருந்தால் நிழலுக்குக் கொண்டுபோய்க் காதிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீரால் ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே போய்விடும்.

வாயில் எதைப் போடுவது

இங்கேதான் அதிகப் பிராணிகள் சாகின்றன, அதுவும் அன்பினால். பசியோடு இருக்கிறதே என்று பால் சோறு, ரொட்டி, பிஸ்கட், மிஞ்சிய புட்டு என்று வைக்கிறார்கள். கினிப்பன்றியின் குடல் நார்ச்சத்தால் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டியது. மாவுப்பொருள் உள்ளே போனால் புளித்து வாயு பிடிக்கும், நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து கெட்டவை பெருகும். ஒன்றுமே தின்னாமல் இருந்தாலும் ஆபத்துதான்: அரை நாள் தின்னவில்லை என்றால் கவலைப்பட வேண்டும், ஒரு நாள் ஆனால் அது அவசர நிலை. புழுக்கை சிறுத்துக்கொண்டே வந்து நின்றுபோவதுதான் முதல் அடையாளம். அதனால் பெட்டியில் காகிதம் விரித்து எண்ணிக்கொண்டிருங்கள். புழுக்கையைத் தானே குனிந்து எடுத்துத் தின்றால் பதற வேண்டாம்; அது இயல்பு.

முதல் நாளுக்கு அருகம்புல், தண்ணீர், கொஞ்சம் கொத்தமல்லி, வெள்ளரி போதும். புல் இரவும் பகலும் தீராமல் இருக்கட்டும். சாலையோரப் புல்லும் களைக்கொல்லி அடித்த வாழைத்தோட்டப் புல்லும் கூடாது. மெஷினில் வெட்டிக் குவித்த புல் உள்ளே சூடேறிப் புளித்திருக்கும், அதையும் விடுங்கள். வைக்கோலைப் படுக்கைக்குப் போடலாம், உணவென்று அதை மட்டும் நம்ப முடியாது.

இந்தப் பக்கத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. மரவள்ளி இலையும் பச்சைத் தோலும் எங்கும் கிடைப்பதால் "ஆட்டுக்குப் போடுவதுதானே" என்று அள்ளிப் போடுவார்கள். அதில் சயனைடு விஷம் இருக்கிறது. ஆடே சிலசமயம் தாங்காது, ஒரு கிலோ உடம்பு எப்படித் தாங்கும்? உண்ணிச்செடி, அரளி, எருக்கு, வெங்காயம், பூண்டு, பச்சை உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். முருங்கைக் கீரை நல்லதுதான், ஆனால் சுண்ணாம்புச் சத்து மிகுதி. தினமும் கொடுத்தால் மூத்திரப்பையில் கல் சேரும்.

அடுத்தது வைட்டமின் சி. மனிதரைப் போலவே இதன் உடம்பும் அதைத் தானே தயாரிக்காது. முயல் தீவனத்தில் அது இருக்காது என்பதால், முயல் தீவனத்தையே கொடுத்து வளர்த்த பிராணிகள் இரண்டு மூன்று வாரங்களில் மூட்டு வீங்கி, ஈறு கசிந்து, தொட்டாலே கத்தும். கால் ஊனம் என்று கைவிடப்படுபவற்றில் சில உண்மையில் இந்தக் குறைபாடுதான். நல்ல உடம்புக்குத் தினம் 20 முதல் 30 மில்லிகிராம் போதும்: 30 கிராம் பச்சைக் குடைமிளகாய், அல்லது கட்டைவிரல் அளவு கொய்யாத் துண்டு. பாவூர்ச்சத்திரம் சந்தையில் இரண்டுமே வாங்கலாம். தண்ணீரில் சொட்டு மருந்தாகக் கலப்பது வீண். சில மணி நேரத்தில் சத்து போய்விடும், சுவை பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும். பல வைட்டமின்கள் கலந்த குழந்தை டானிக்கும் வேண்டாம்.

தானாகத் தின்னாவிட்டால் ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சில், ஊறவைத்துக் குழைத்த கினிப்பன்றித் தீவனத்தை முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக விட்டு, அரை மில்லி உள்ளே போனதும் மெல்லும்வரை காத்திருங்கள். நேராகப் பீய்ச்சினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருந்தால் எதையும் ஊட்டாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன்

பிள்ளைக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலின் சிரப்பைக் கொடுப்பதைப் போன்ற கொடிய தவறு வேறில்லை. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் எல்லாம் இதன் குடல் நுண்ணுயிர்களைக் கொன்று, விஷம் சுரக்கும் கிருமிகளுக்கு வழிவிடும். சில நாளில் வயிற்றுப்போக்கில் முடியும். ஒத்துக்கொள்ளும் ஆன்டிபயாட்டிக்குகள் இருக்கின்றன, அதை எடை பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும். கினிப்பன்றியை அடிக்கடி பார்க்காத டாக்டராக இருந்தால் "இதற்குப் பென்சிலின் வகை ஆகாதாமே?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சொறியோடு வந்தால் நாய்க்கு விடும் உண்ணி மருந்தையோ வேப்பெண்ணெயையோ தடவ வேண்டாம். உண்ணிப்பூச்சியால் வரும் சொறி முற்றினால் வலிப்பு வரை போகும், ஆனால் டாக்டர் போடும் ஊசியில் குணமாகும். வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், நமக்கும் ஒட்டும். கையுறை போடுங்கள், குழந்தைகள் மடியில் வைத்துக் கொஞ்சுவதைத் தள்ளிப்போடுங்கள்.

மழைக்காலத்தில் பின்பக்கத்து முடியை விலக்கிப் பார்க்காமல் விடக் கூடாது. ஈரமும் மலமும் ஒட்டிய இடத்தில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். மாட்டுக்கு ஊற்றுகிற டர்பன்டைனும் கற்பூர எண்ணெயும் கினிப்பன்றியையே கொன்றுவிடும். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கரைத்துக் கழுவி, இடுக்கியால் புழுக்களை எடுத்துவிட்டு உடனே கிளம்புங்கள். பூனை கவ்வியதென்றால் காயமே தெரியாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும். பூனைப் பல்லின் கிருமி உள்ளே பரவும்.

தென்காசி அரசு கால்நடை மருத்துவமனையில் முதலுதவிக்குக் காட்டலாம். பல் பார்க்க, ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவது நல்லது. பல் கோளாறென்றால் கடைவாய்ப்பல் நீண்டு நாக்கை மறித்திருக்கும். நகவெட்டியால் முன்பல்லை மட்டும் கத்தரித்தால் பல் பிளக்கும், பிரச்சினையும் தீராது. பஸ்ஸில் வாந்தி எடுக்குமோ என்று பட்டினி போட வேண்டாம். கினிப்பன்றிக்கு வாந்தி எடுக்கவே வராது. பெட்டிக்குள் புல்லும் வெள்ளரியும் போட்டு, ஓட்டைகளை மறைக்காமல், வெயில் ஏறும் முன் முதல் பஸ்ஸில் போய்விடுங்கள்.

வீட்டில் கம்பிவலைத் தரையுள்ள கோழிக்கூண்டில் விட்டால் பாதம் புண்ணாகும். மரமில் தூளும் தூசியால் மூச்சுத்திணறல் தரும். நியூஸ்பேப்பருக்கு மேல் பழைய பருத்தித் துணி, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான். முயலோடு சேர்க்காதீர்கள், முயலுக்குத் தொல்லை தராத கிருமி இதற்கு நிமோனியா தரும். வேறு கினிப்பன்றி இருந்தாலும் மூன்று வாரம் தனி அறை.

பெண்ணாக இருந்தால் சினையாக இருக்க வாய்ப்பு அதிகம்; சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சேர்ந்துவிடும் என்பதால் ஆணைக் கூட வைக்கக் கூடாது, ஆண் குட்டிகளையும் மூன்று வார வயதில் பிரித்துவிட வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பார்ப்பதற்கு நன்றாகத் தின்பது போல இருந்தாலும், மறுபடியும் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.