பழைய ஆட்டோமேட்டிக் செடான் வாங்கும்போது கியர் பாக்ஸைச் சோதிப்பது எப்படி?

பார்க்கப் போகும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: "நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேண்டாமுங்க." சில குறைகள் ஆயில் குளிர்ந்திருக்கும்போதுதான் தெரியும், சில, நன்றாகச் சூடேறிய பிறகுதான். இரண்டுக்கும் நடுவில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினால் எந்த வண்டியும் ஜம்மென்றுதான் போகும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருகிறோம் என்று திரும்பிவிடலாம்.

உள்ளே இருப்பது எந்த பாக்ஸ் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2014-க்குப் பிறகு வந்த ஹோண்டா சிட்டி பெட்ரோலில் சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடுவது). மாருதி சியாஸ் 1.4 பெட்ரோலில் 4 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியே கடத்துவது). ஃபோக்ஸ்வாகன் வென்ட்டோ 1.2 டர்போ பெட்ரோலில் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் பாக்ஸ்). ஒரே மாடலிலும் வருஷத்தைப் பொறுத்து மாறும்: 2017 ஹூண்டாய் வெர்னா பெட்ரோலில் 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர், 2020-இல் 1.5 பெட்ரோலில் சிவிடி வகை.

குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) இறங்கியதும் பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரலிலிருந்து டிரைவுக்கும், பிறகு ரிவர்ஸுக்கும் மாற்றுங்கள். ஒரு நொடிக்குள் வண்டி பிடிக்க வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் தாமதித்தால் ஆயில் குறைவு, அல்லது உள்ளே பிரஷர் இல்லை. "டொக்" என்று இடித்தால் உடனே கியர் பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருந்தாலும் இதே இடி வரும், அது சின்னச் செலவு.

அடுத்தது சூட்டுச் சோதனை. சாயங்கால நெரிசலில் அவினாசி ரோட்டில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு, பிறகு மலை ஏற்றுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு–வால்பாறை (40 கொண்டை ஊசி), சத்திப் பக்கம் திம்பம் (27), சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு (20). நாலைந்து வளைவு ஏறினாலே போதும்.

டார்க் கன்வெர்ட்டரில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வேகம் கூடாமல் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளினால் உள் கிளட்ச் வழுக்குகிறது, அந்த வண்டியே வேண்டாம். 50–70 கிலோமீட்டர் சீரான வேகத்தில் அதிர்வு வந்தால் பெரும்பாலும் லாக்-அப் கிளட்ச் (கன்வெர்ட்டரை எஞ்சினோடு நேரடியாகப் பூட்டுவது). ஆயில் மாற்றினால் சரியாகவும் வாய்ப்புண்டு. சிவிடியில் மிதித்ததும் எஞ்சின் இரைவது இயல்பு. வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தம் இயல்பல்ல: பேரிங், பெல்ட்டில் கை வைக்க வேண்டியிருக்கும்.

டிஎஸ்ஜியில் ஊர்ந்து போகும்போது ஒன்று–இரண்டு கியரில் குலுங்கினால் உலர் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. டிஸ்பிளேயில் கியர் எழுத்து மினுங்கி, ரிவர்ஸ் விழாமல் போனால் மெக்கட்ரானிக் யூனிட் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) சந்தேகம். அதற்கு லட்சக் கணக்கில் செலவாகும். பேட்டரி வோல்டேஜ் இறங்கியிருந்தாலும் வீண் எச்சரிக்கைகள் வரும், அதையும் அளந்துவிடுங்கள்.

ஸ்கேனர் மாட்டுகிற மெக்கானிக்கிடம் எரர் கோடு மட்டும் கேட்காதீர்கள், ரெடினஸ் மானிட்டர்களையும் (வண்டியின் கம்ப்யூட்டர் தன் சுயசோதனைகளை முடித்ததா என்று காட்டுபவை) பார்க்கச் சொல்லுங்கள். கோடு ஒன்றும் இல்லை, ஆனால் பல மானிட்டர்கள் முடிவடையாமல் இருக்கின்றன என்றால், சமீபத்தில் யாரோ கோடுகளை எல்லாம் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். எது என்று கேட்டு, பதிலைப் பார்த்து விலை பேசுங்கள்.

வாங்கியதும் ஆயில். "வாழ்நாள் ஆயில், மாற்ற வேண்டியதில்லை" என்ற பேச்சை நம்ப வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் 40,000–60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வெர்னாவின் 6 ஸ்பீடு பாக்ஸில் மொத்தம் சுமார் 7 லிட்டர். வடித்தால் பாதிதான் வரும், மீதி கன்வெர்ட்டருக்குள் நிற்கும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி வடித்து நிரப்புங்கள். சிட்டி சிவிடிக்கு எச்சிஎஃப்-2 என்ற ஹோண்டா சிவிடி ஆயில் மட்டுமே. சாதா ஏடிஎஃப் (மற்ற ஆட்டோமேட்டிக் பாக்ஸ்களின் ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கி பாக்ஸே போய்விடும். மாற்றும்போது டிரெயின் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். மாவு போன்ற கறுப்புப் படிவு இயல்பான தேய்மானம்தான்; இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால் பாக்ஸைப் பிரித்தாக வேண்டும்.

வழியில் நின்றுபோனால் முன்சக்கரம் தரையில் உருள, கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது, பாக்ஸ் வறண்டு சுற்றும். பிளாட்பெட் வண்டியையே கூப்பிடுங்கள்.