மிலிட்டரி ட்ரங்குப் பெட்டியில் தோட்டா கிடைத்தால் என்ன செய்வது?

வேலூர்ப் பக்கம் மிலிட்டரிக்காரர் இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். தாத்தாவோ அப்பாவோ காலமான பிறகு பரணிலிருந்து இறக்கும் கறுப்பு ட்ரங்குப் பெட்டியும் அதனால் இங்கே சகஜம். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர். உள்ளே யூனிஃபார்ம், மெடல், டிஸ்சார்ஜ் புக். சில பெட்டிகளில் இவற்றுக்கெல்லாம் அடியில் துணியில் சுற்றிய தோட்டாக்களோ, 1965-லோ 1971-லோ எதிரியிடமிருந்து எடுத்த பிஸ்டலோ, அரிதாக ஒரு கையெறி குண்டோ இருந்துவிடும்.

போரில் பிடித்த ஆயுதம் பிடித்தவருக்குச் சொந்தமில்லை, அரசுக்குச் சொந்தம். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி போர்க்கைதியின் சொந்தச் சாமான்கள் அவரிடமே இருக்க வேண்டும். ஆயுதங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, பிடித்த நாடு எடுத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்க வீரர்கள் சிலர் மேலதிகாரி கையெழுத்துப் போட்ட சீட்டோடு துப்பாக்கி கொண்டுபோனார்கள் என்பது உண்மைதான். அந்தக் கதை இங்கே செல்லாது. நம் நாட்டில் ஒரே ஒரு உயிர்த்தோட்டா வைத்திருக்கவும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தடைசெய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டு. பட்டாளத்திலிருந்து வருகிற .303, 7.62 மி.மீ., 9 மி.மீ. தோட்டாக்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் போய் விழும்.

பயந்துவிட வேண்டாம். தெரிந்தே வைத்திருந்தாரா என்பதைத்தான் நீதிமன்றங்கள் முதலில் பார்க்கின்றன. பெட்டிக்குள் இருந்தது தெரியாத வரை உங்கள்மேல் குற்றம் நிற்பது கடினம். பார்த்துவிட்டீர்கள் என்றால் அந்த நாளிலிருந்து நீங்கள் பொறுப்பு. "திதி முடியட்டும், பெரியண்ணன் லீவில் வரட்டும்" என்று தள்ளிப்போடுவதுதான் குடும்பங்களை மாட்டிவிடுகிறது.

முதல் பத்து நிமிடம்

கையை எடுங்கள். தோட்டாவின் பித்தளை பச்சை பூத்திருக்கும். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். தேய்க்காதீர்கள். அடிப்பாகத்தின் நடுவில் பொட்டு மாதிரி இருக்கும் பிரைமர் தட்டினால் வெடிக்கிற பொருள். பழைய .303 தோட்டாவுக்குள் இருப்பது நைட்ரோகிளிசரின் கலந்த கார்டைட். அதைக் கெடாமல் காக்கச் சேர்க்கும் மருந்து சூட்டில் சீக்கிரம் தீர்ந்துபோகும். நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கடியில் ஐம்பது வருஷம் இருந்த தோட்டாவை "பழசு, நமுத்திருக்கும்" என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

துப்பாக்கி என்றால் குதிரையை இழுத்துப் பார்ப்பது, குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது, மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்றுவது எதுவும் கூடாது. மேகசினைக் கழற்றிய பிறகும் துப்பாக்கியின் சேம்பருக்குள் ஒரு ரவை (தோட்டா) நிற்கலாம். வீட்டு விபத்துகள் பல நடப்பது அந்த ஒற்றை ரவையால்தான்.

கையெறி குண்டு தனி விஷயம். நம் ராணுவம் பல பத்தாண்டு பயன்படுத்திய 36 ரகம், கட்டம் கட்டமாக வெட்டிய வார்ப்பிரும்பு உருண்டை. பக்கத்தில் ஒரு நெம்புகோல், மேலே வளையம் மாட்டிய ஊசி. நெம்புகோலைப் பிடித்துவைத்திருப்பது அந்த ஊசி மட்டும்தான். துரு ஏறிய ஊசி, பெட்டியை நகர்த்தும்போதே ஒடியலாம். நெம்புகோல் விடுபட்டால் பொதுவாக நான்கு விநாடி. தண்ணீர் வாளியில் போட்டால் செயலிழக்கும் என்பது தவறு. வாளிவரை தூக்கிக்கொண்டு போவதுதான் ஆபத்து. மூடியைத் திறந்தது திறந்தபடி விட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, வீட்டில் உள்ளவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு குறைந்தது நூறு மீட்டர் தள்ளிப் போங்கள். நடுவில் ஒரு சுவர் இருப்பது நல்லது. அங்கே போன பிறகு 112-க்கு அழையுங்கள். மார்ட்டர் குண்டு, பீரங்கிக் குண்டுக்கும் இதேதான். பூஜாடியாக வைத்திருக்கும் பித்தளை ஷெல் உறையையும் விட்டுவிடாதீர்கள். அடியிலுள்ள பிரைமர் வெடிக்காமல் இருக்கலாம்.

ஒப்படைப்பது எப்படி

தோட்டா, துப்பாக்கி மட்டும் என்றால் அன்றே ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்; 15100-க்கு அழைத்துக் கேட்கலாம். வைத்திருந்த பெரியவர் உயிரோடு இருந்தால், வக்கீல் இல்லாமல் அவரை ஸ்டேஷனுக்கு அனுப்பாதீர்கள்.

பொருளைப் பையில் போட்டு பஸ்ஸிலோ பைக்கிலோ கொண்டுபோக வேண்டாம். வழியில் சோதனை நடந்தால் ஒப்படைக்கத்தான் போகிறீர்கள் என்று யார் நம்புவார்கள்? உங்கள் எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனுக்குப் போன் செய்து வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வருவதற்குள் ஒரு கடிதம் தயாராக இருக்கட்டும், இரண்டு பிரதி. காவல் ஆய்வாளர் பெயருக்கு எழுதி, இவ்வளவு சொன்னால் போதும்:

"என் தந்தை (பெயர், ஆர்மி நம்பர், யூனிட்) இன்ன தேதியில் காலமானார். அவர் பெட்டியை இன்று இத்தனை மணிக்கு, இன்னின்னார் முன்னிலையில் முதல்முறையாகத் திறந்தபோது கீழ்க்கண்டவை இருந்தன. இவை இருந்தது எங்களுக்கு முன்பு தெரியாது. தொடவில்லை, பயன்படுத்தவில்லை. ஆயுதச் சட்டம் பிரிவு 21-ன்படி தாமதமின்றி ஒப்படைக்கிறோம்."

உண்மை எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். முன்பே தெரியும் என்றால் தெரியாது என்று எழுதாதீர்கள். அந்த வரியை எப்படி எழுதுவது என்று வக்கீல் சொல்வார். இறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் புக், வாரிசுச் சான்றிதழ் நகல்களை இணையுங்கள். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம், பிறகு கொடுக்கலாம்.

ரசீது வாங்காமல் எதையும் விடாதீர்கள். எலெக்‌ஷனுக்கு லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கும்போது வாங்குகிற மாதிரிதான்: ரகம், உடலில் பொறித்த நம்பர், தோட்டாவின் எண்ணிக்கை, அடியில் பொறித்த எழுத்தும் வருஷமும், தேதி, அதிகாரியின் கையெழுத்து, முத்திரை. கடிதத்தின் இரண்டாம் பிரதியிலும் முத்திரை வாங்குங்கள். சி.எஸ்.ஆர். (ஸ்டேஷனில் மனு பதிவானதற்கான ரசீது) எண் கேளுங்கள். "எழுத்தெல்லாம் எதுக்குங்க, வெச்சுட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால் பணிவாக, விடாமல் கேளுங்கள். நாளை அந்தத் தோட்டா வேறெங்காவது கிடைத்தால் உங்களைக் காப்பது அந்தத் தாள்தான்.

தானாக ஒப்படைத்தால் வழக்கே வராது என்று எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கு வழக்கு நடத்த, பிரிவு 39-ன்படி மாவட்ட நடுவர் (டிஸ்ட்ரிக்ட் மாஜிஸ்திரேட்) அதிகாரம் கொண்ட கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். உங்கள் கடிதமும் ரசீதும் அந்த மேசைக்குப் போகும் என்று நினைத்தே எழுதுங்கள்.

கலெக்டர் யார் என்பதிலும் குழப்பம் வருகிறது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. குடியாத்தம், காட்பாடிக்காரர்களுக்கு சத்துவாச்சாரியிலுள்ள வேலூர் கலெக்டர் ஆபீஸ். ஆற்காடு, வாலாஜாவுக்கு ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். பெட்டியில் "வட ஆற்காடு" என்று அச்சடித்த பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். ரிட்டயரான பிறகு பேங்க் காவலுக்குப் போனவர்கள் வாங்கிய டபுள் பேரல் துப்பாக்கிக்கு உரியதாக இருக்கலாம். அப்படிப்பட்ட துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு மனு போடலாம். லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கவும் வழி உண்டு. பிடித்த ஆயுதத்துக்கு இந்த வழி இல்லை.

செய்யவே கூடாதவை

காயலான் கடையில் எடைக்குப் போடுவது: உருக்குகிறவர் சாவார். போகி நெருப்பில் போடுவது: தெருவே சிதறும். கிணற்றிலோ ஏரியிலோ பாலாற்று மணலிலோ வீசுவது: பித்தளை சீக்கிரம் அரிக்காது, தூர் வாருகிறவர் கையில் கிடைக்கும், நீங்களோ சாட்சியத்தை அழித்தவராகிவிடுவீர்கள். மச்சானிடம் கொடுத்து வைத்தால் இரண்டு குற்றவாளிகள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் தெரிந்தே வைத்திருந்ததற்கு நீங்களே தேதியோடு சாட்சி.

மெடல், பேட்ஜ், யூனிஃபார்ம், கடிதம், போட்டோ எல்லாம் உங்களுடையவை. தைரியமாகக் கண்ணாடி போட்டு மாட்டுங்கள். பயனட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) இருந்தால் அதையும் போலீஸிடம் காட்டிவிடுங்கள், அது அரசுச் சொத்தாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது சர்வீஸில் இருக்கும் தம்பிகளுக்கு: ரேஞ்சில் சுட்டு முடிந்து "ரவை இல்லை, கோக்கா (காலி உறை) இல்லை" என்று சொல்வதற்கு முன் பவுச்சின் மடிப்பு, சட்டைப்பை, மேகசின் மூன்றையும் கையை விட்டுப் பாருங்கள். லீவுக்குக் கட்டும் கிட்பேக்கை ஒருமுறை முழுக்கக் கொட்டி, உதறிவிட்டு அடுக்குங்கள். தையல் மடிப்பில் சிக்கிய ஒற்றை ரவை ஏர்போர்ட் ஸ்கேனரில் தெரியும்போது லீவும் போகும், வேலையும் ஆட்டம் காணும். யூனிட்டிலேயே கண்டால் அன்றே சீனியரிடம் சொல்லி கோத்தில் (யூனிட் ஆயுதக் கிடங்கு) ஒப்படையுங்கள். ஊருக்கு வந்த பிறகு கண்டால் யூனிட்டுக்குப் போனில் சொல்லுங்கள். திரும்பக் கொண்டுபோக முயலாமல் உள்ளூர் ஸ்டேஷனில் மேலே சொன்னபடி ஒப்படைத்து, ரசீதின் நகலை யூனிட்டுக்கு அனுப்புங்கள்.