ஆறு லைன்பேக்கர்களைத் தெரிவு செய்யும் முறை

ஒகஸ்ட் கடைசியில் வரும் ஒரு செவ்வாய்க்கிழமை, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி பின்னேரம் நான்கு மணிக்குள், அமெரிக்கன் ஃபுட்போல் லீக்கான என்.எஃப்.எல். இன் அணிகள் 32 உம் தங்கள் 90 பேர் பட்டியலை 53 ஆகக் குறைத்துவிட வேண்டும். கொழும்பில் அப்போது புதன் அதிகாலை ஒன்றரை மணி. நானும் என் அக்காவின் மகனும் அதற்கு முன்னரே எங்களுடைய 53 பேரை எழுதி வைத்துவிடுவோம். பந்தை எறிகிற குவாட்டர்பேக், உதைக்கிற கிக்கர் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வெள்ளவத்தை வீட்டில் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்து இழுபடுவது, தடுக்கும் அணியின் நடுவில் நிற்கிற லைன்பேக்கர் பக்கம்தான். அங்கே முதல் இரண்டு பேரை அளக்கிற கோல் வேறு, கடைசி மூன்று பேரை அளக்கிற கோல் வேறு. அந்த இரண்டையும் பிரித்துப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் பட்டியல் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

முதலில் யாரை எண்ணுவது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிராட்பி ஷீல்ட் ரகர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வது: ஸ்க்ரம்மோடு ஒட்டி நின்று, பந்து எந்தப் பக்கம் வந்தாலும் முதல் ஆளாகப் போய் விழுத்துகிற ஃப்ளாங்கரை நினையுங்கள். ஆனால் ரகரில் பந்தை முன்னால் எறிய முடியாது, இங்கே முடியும். அதனால் லைன்பேக்கர் ஓடி வருகிறவரை விழுத்த முன்னே சாய்கிற அதே நொடியில், தன் முதுகுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க நழுவிப் போகும் டைட் என்டையும் காக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு வேலையும் உள்ளவர்களை மட்டும் எண்ணுங்கள். பிட்ஸ்பர்க் அணியின் டி.ஜே. வொட் பட்டியலில் வெளி லைன்பேக்கர் என்றுதான் இருப்பார். ஆனால் அவருடைய வேலை குவாட்டர்பேக்கைத் துரத்துவது. அப்படிப்பட்டவர்களை முன்வரிசைக்காரர்களோடு சேர்த்துவிடுங்கள்.

53 பேரில் உதைக்கென்றே இருக்கிற கிக்கர், பண்டர், லோங் ஸ்னேப்பர் மூவரையும் கழித்தால், பந்தோடு தாக்குகிற ஒஃபென்ஸுக்கும் தடுக்கிற டிஃபென்ஸுக்கும் ஆளுக்கு ஏறத்தாழ 25 இடம். டிஃபென்ஸின் 25 இல் முன்வரிசையும் பின்வரிசையும் பெரும் பங்கைத் தின்றுவிடும். நடு லைன்பேக்கர்களுக்கு மிஞ்சுவது ஐந்து இடம், தாராளமான அணி என்றால் ஆறு.

இப்போது ஒரு சீ.ஆர். கொப்பியை எடுங்கள். ஆட்களின் பெயரை எழுத வேண்டாம். வேலைகளின் பெயரை மேலே வரிசையாக எழுதி, கட்டம் கீறுங்கள்: வழக்கமான டிஃபென்ஸ், நிக்கல் டிஃபென்ஸ், ஹெல்மெட் ரேடியோ, அப்புறம் கிக்கொஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை), கிக்கொஃப் ரிட்டேர்ன் (அதைப் பிடித்துத் திருப்பி ஓடுவது), பண்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் நீள உதை), பண்ட் ரிட்டேர்ன். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை லைன்பேக்கர் தேவை என்று எண்ணை மட்டும் போடுங்கள். பெயர்கள் அதற்குப் பிறகுதான். பெயரில் தொடங்கினால் பிடித்த ஆளுக்கு வேலை தேடிக்கொண்டிருப்போம்.

எண்களைப் போட்டவுடனே ஒன்று தெரியும். பழைய படங்களில் மூன்று, நான்கு லைன்பேக்கர்கள் நிற்பார்கள். இன்று அணிகள் பாதிக்கும் மேற்பட்ட நேரம் ஐந்து பின்வரிசைக்காரர்களோடு நிக்கலில்தான் நிற்கின்றன. அந்த ஐந்தாவது ஆளுக்கு இடம் விட்டு வெளியே போகிறவர் மூன்றாவது லைன்பேக்கர். ஆக, டிஃபென்ஸுக்காக என்று தெரிவு செய்யப்படுகிறவர்கள் இரண்டு பேர்தான். மற்ற எல்லோரும் வேறு ஏதோ ஒன்றுக்காக அணியில் இருக்கிறார்கள்.

அந்த இரண்டு பேரைப் பார்க்கும்போது டெக்கிள் எண்ணிக்கையை ஓரமாக வையுங்கள். எட்டு யார்ட் கொடுத்துவிட்டு விழுத்தினாலும் அது ஒரு டெக்கிள், கோட்டிலேயே நிறுத்தினாலும் ஒரு டெக்கிள். நான் பார்ப்பது வேறு மூன்று விடயம். ஸ்னேப்புக்கு, அதாவது பந்து கைமாறி ஆட்டம் தொடங்குவதற்கு, முன்னால் இவர் மற்றவர்களை இடம் மாற்றுகிறாரா? குவாட்டர்பேக் ஓட்டக்காரருக்குப் பந்தைக் கொடுப்பதுபோல் பாசாங்கு செய்தால் எத்தனை அடி ஏமாந்து முன்னே வருகிறார், எவ்வளவு விரைவாகத் திரும்புகிறார்? பந்தை எறிய அதிக வாய்ப்புள்ள மூன்றாவது முயற்சியில், அதாவது மூன்றாவது டவுனில், கோச் இவரை வெளியே எடுக்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்றால் அவர் முதல் இருவரில் ஒருவர் இல்லை, சம்பளம் என்னவாக இருந்தாலும் சரி. 2008 இலிருந்து டிஃபென்ஸில் ஒருவருடைய ஹெல்மெட்டுக்குள் ரேடியோ உண்டு. பின்புறத்தில் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். கோச் சொல்வதைக் கேட்டு மற்றப் பத்துப் பேருக்கும் சொல்ல வேண்டியவர் அவர். அவர் களத்தை விட்டு வெளியே வரவே கூடாது. அதனால்தான் பெரும்பாலும் அது ஒரு லைன்பேக்கரிடம் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் ஃபிரெட் வோர்னரைப் பத்து ஸ்னேப் தொடர்ந்து பாருங்கள். பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். 230 இறாத்தல் எடையுள்ள ஒருவர் பின்வரிசைக்காரர் மாதிரி பின்னால் ஓடுவதைக் கண்டுவிட்டால், மற்றவர்களை அளக்க உங்களுக்கு ஒரு கோல் கிடைத்துவிடும். புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ட்ராஃப்டில், அவரை 2018 இல் மூன்றாம் சுற்றில்தான் எடுத்தார்கள்.

மூன்றாம் சுற்று என்பதை நான் சும்மா சொல்லவில்லை. பஃபலோ அணி 2018 இல் முதல் சுற்றில் எடுத்த ட்ரெமெய்ன் எட்மண்ட்ஸை 2023 மார்ச்சில் போக விட்டது; சிக்காகோ அவருக்கு நான்கு வருடத்துக்கு 72 மில்லியன் டொலர் கொடுத்தது. பஃபலோவிடம் அப்போது டெரல் பெர்னார்ட் இருந்தார். 2022 இல் மூன்றாம் சுற்றில் வந்து, முதல் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஸ்பெஷல் டீம்ஸில், அதாவது உதைப் பந்துகளுக்கு இறங்கும் குழுக்களில், ஓடியவர். அடுத்த பருவத்தில் அந்த நடு இடம் அவருடையதானது.  மூன்றாவது இடத்துக்கு ஆள் தேடும்போது இந்த மனம் வேண்டும்: முதல் இருவரில் எவர் விழுந்தாலும் அந்த இடத்தில் நிற்கக்கூடிய, இன்னும் சம்பளம் ஏறாத இளைஞர்.

இனி நான்காவது, ஐந்தாவது இடங்கள். என்னைக் கேட்டால் முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது.

ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். 2025 ஜனவரி 12, பிலடெல்ஃபியாவுக்கும் கிரீன் பேக்கும் இடையிலான பிளேஓஃப். முதல் கிக்கொஃப். பந்தைப் பிடித்து ஓடி வந்த கீஷோன் நிக்சனை ஓரன் பேர்க்ஸ் மோதிப் பந்தை வெளியே தள்ளினார். ஜெரமையா ட்ரொட்டர் ஜூனியர் அதை அமுக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் பிலடெல்ஃபியாவுக்கு டச்டவுன். மோதியவரும் லைன்பேக்கர், பிடித்தவரும் லைன்பேக்கர், இரண்டு பேரும் முதல் இருவரில் இல்லை. அதே ஆட்டத்தில் நகோபி டீன் முழங்கால் காயத்தோடு வெளியேற, அவருடைய இடத்துக்குப் போனவர் அதே பேர்க்ஸ். அங்கிருந்து இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வரை அவர்தான் நின்றார். ஒகஸ்ட் மாதத்தில் பேர்க்ஸின் பெயரை யாரும் பெரிதாக எழுதியிருக்க மாட்டார்கள். நான்காவது லைன்பேக்கர் என்பது இதற்குத்தான்.

ஆகவே கொப்பியின் கடைசி நான்கு கட்டங்களுக்கு வாருங்கள். நான்காவது, ஐந்தாவது ஆட்கள் ஒவ்வொருவரும் அந்த நான்கில் குறைந்தது மூன்றிலாவது இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருப்பவர் ஆட்ட நாளில் உட்கார வேண்டியவர். களமிறங்கக்கூடியவர்கள் 48 பேர்தான். 2024 இல் கிக்கொஃப் விதியை மாற்றியதையும் கணக்கில் எடுங்கள். முன்பு 60 யார்ட் ஓடி வந்து மோதுவார்கள். இப்போது உதைக்கிற அணியின் பத்துப் பேர் எதிரணியின் 40 யார்ட் கோட்டில் நிற்கிறார்கள். எதிரே தடுப்பவர்கள் ஐந்து, பத்து யார்ட் தள்ளி. பந்து விழும்வரைக்கும் அல்லது யாராவது அதைப் பிடிக்கும்வரைக்கும் இவர்கள் அசையக் கூடாது. வெறும் ஓட்ட வேகம் அங்கே முன்பைப்போல் உதவாது. எதிரே வருகிற ஆளின் கையை உதறிவிட்டு, குறுகிய இடத்தில் திரும்பி விழுத்தத் தெரிய வேண்டும். அது லைன்பேக்கரின் தொழில். 2025 இல் பந்து களத்தின் கடைசி எல்லைக்கு அப்பால் போனால் எதிரணிக்குக் கிடைக்கும் இடத்தை 30 இலிருந்து 35 யார்ட்டுக்கு ஏற்றியதும், வேண்டுமென்று நீளமாக உதைப்பது நட்டமாகிவிட்டது. திருப்பி ஓடுவது இன்னும் கூடிற்று. ஐந்து பேரா ஆறு பேரா என்று தயங்கினால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இப்போது ஆறு பக்கம் சாய்கிறேன்.

இதைப் பார்க்கப் பெரிய வசதி தேவையில்லை. முன்பருவ ஆட்டங்கள் பல இங்கே விடியற்காலை நாலரைக்குத் தொடங்கும். அதற்காகக் கண் விழிக்க வேண்டாம். பிறகு கிக்கொஃப், பண்ட் ஆகியவற்றை மட்டும் தள்ளித் தள்ளிப் பார்த்தால் போதும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் போகிற நேரத்துக்குள் ஓர் ஆட்டத்தினுடையதை நான் பார்த்துவிடுவேன். கவனிக்க வேண்டியது இரண்டாவது முன்பருவ ஆட்டத்தின் முதல் கிக்கொஃப். அதில் யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். கோச் மனதில் யாரை வைத்திருக்கிறார் என்பது எந்தப் பேட்டியிலும் வராது, அந்தப் பத்துப் பேரில் வந்துவிடும்.

போன வருடம் மருமகன் ஒரு இளைஞனில் மிகவும் பிடிப்பாக இருந்தான். "மாமா, ஒரே ஆட்டத்தில ஒன்பது டெக்கிள் அடிச்சிருக்கிறார். இவரை எப்பிடி வெட்டுவீங்கள்?"

"எத்தனையாவது குவாட்டர், தம்பி?"

"நாலாவது."

"எதிரில நிண்டது ஆர்?"

பார்த்தான். எதிரில் நின்ற ஐந்து தடுப்பாளர்களில் ஒருவர்கூட முதல் அணி இல்லை. கிக்கொஃப், பண்ட் எதிலும் அந்த இளைஞனின் இலக்கம் இல்லை. அவனே கொப்பியில் பெயரைப் பென்சிலால் வெட்டினான். முன்பருவத்தில் ஒருவர் எவ்வளவு செய்தார் என்பதற்கு முன்னால், யாருக்கு எதிராகச் செய்தார் என்று கேளுங்கள்.

ஸ்பெஷல் டீம்ஸ்காரர் என்று முத்திரை குத்தி ஒருவரை மூடி வைக்கவும் கூடாது. ஸெக் போனை நியூ ஓர்லியன்ஸ் அணி 2020 இல் மூன்றாம் சுற்றில் எடுத்து, நான்கு வருடம் பெரும்பாலும் உதைப் பந்துகளிலும் வெளிப்பக்கத்திலும் ஓட வைத்தது. 2024 இல் பிலடெல்ஃபியா 3.5 மில்லியன் டொலருக்கு ஒரு வருடத்துக்கு எடுத்தது. டிஃபென்ஸ் கோச் விக் ஃபெஞ்சியோ அவரை நடுவுக்கு மாற்றினார். அந்தப் பருவத்திலேயே போன் முதலாம் தர ஓல்-ப்ரோ, அதாவது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் ஒருவர், ஆனார். 2025 பெப்ரவரியில், அதே நியூ ஓர்லியன்ஸ் மைதானத்தில் நடந்த சூப்பர் பௌலில் பெட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பறித்தார். அடுத்த மாதம் மூன்று வருடத்துக்கு 51 மில்லியன். ஒருவர் கீழே இருப்பதற்கு அவர் நிற்கிற இடம் காரணமா, அவரே காரணமா என்று கோச் யோசித்ததால் கிடைத்த ஆள் இவர்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2025 இல் ஓர் அணியின் சம்பள எல்லை 279.2 மில்லியன் டொலர். ஒப்பந்தத்தோடு கொடுக்கும் கையெழுத்துப் பணத்தை ஐந்து வருடம் வரை பரப்பிக் கணக்குப் போடலாம். ஒகஸ்டில் ஆளை வெட்டினால் அந்த வருடப் பங்கு அதே வருட எல்லையில் நிற்கும், மிச்சம் முழுவதும் அடுத்த வருட எல்லைக்குள் வந்து விழும். எனவே ஒகஸ்டில் கேட்க வேண்டியது சம்பளம் எவ்வளவு என்று அல்ல, வெட்டினால் எவ்வளவு மிஞ்சும் என்று. 2022 மார்ச்சில் சியாட்டில் பொபி வாக்னரை விட்டபோது அந்த வருடக் கணக்கில் 16 மில்லியனுக்கு மேல் மிஞ்சியது. கணக்குச் சரி. ஆனால் 2023 இல் அவரையே திரும்ப அழைத்தார்கள். நடு லைன்பேக்கரின் வாயிலிருந்து வருகிற கட்டளைக்கும் விலை உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் மிச்சத்தை மட்டும் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

கடைசி ஓர் இடத்துக்கு இரண்டு பேர் சமமாக நின்றால், யாரை இழப்போம் என்று கேளுங்கள். நான்கு பருவம் முடிக்காத ஒருவரை வெட்டினால் அவர் வேவர்ஸுக்குப் போவார். மற்ற 31 அணிகளும் அடுத்த நாள் நண்பகல்வரை, அதாவது நமக்குப் புதன் இரவு ஒன்பதரைவரை, அவரைக் கேட்கலாம். நான்கு பருவம் முடித்தவர் அப்படியில்லை, உடனே சுதந்திரம். அவர் சம்மதித்தால் காயக்காரர்களை வேறு பட்டியலுக்கு மாற்றிய மறுநாளே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பருவத்தின் முதல் வாரத்தில் பட்டியலில் இருந்தால் அப்படிப்பட்டவரின் முழு வருடச் சம்பளத்துக்கும் அணி பொறுப்பாகக்கூடும் என்பதால், சில அணிகள் இரண்டாவது வாரம்வரை பொறுக்கும். சமமான இருவரில் நான் இளைஞனை வைத்து, மூத்தவரிடம் நேராகப் பேசிவிட்டு வெட்டுவேன். பேசாமல் வெட்டினால் அவர் திரும்பி வரமாட்டார், அதில் நியாயமும் உண்டு.

வேவர்ஸில் யாரும் கேட்காதவர்களை 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவுக்கு எடுக்கலாம். அதில் குறைந்தது ஒரு லைன்பேக்கர் இருக்கட்டும். அவரும் கிக்கொஃப் தெரிந்தவராக இருக்கட்டும். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேரை அங்கிருந்து மேலே கொண்டுவரலாம், ஆனால் ஒரே ஆளைப் பருவத்தில் மூன்று தடவைதான். நான்காவது தடவை தேவைப்பட்டால் அவரை 53 க்குள் கையெழுத்திட வைக்க வேண்டும், அதற்கு வேறு ஒருவர் போக வேண்டும். அதனால் கொப்பியில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் மூன்று சிறு கட்டம் கீறி, மேலே வருகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்றை நிரப்புங்கள். இரண்டாவது கட்டம் நிரம்பிய வாரமே, வெளியே போகப் போகிறவர் யார் என்பதை முடிவு செய்து வைத்துவிடுங்கள்.