ஊர் நாடக மன்றத்தின் வரலாறு: நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு எழுதுங்கள்

குடியாத்தமோ ஆம்பூரோ வேலூர் சலவன்பேட்டையோ, பெரியவர்களிடம் “எந்த வருஷம் நாடகம் போட்டீங்க?” என்று கேட்டால் வருவது தோராயம்தான். பத்து வருஷம் முன்பின் ஆகும். மூன்று வருஷம் நடந்த நாடகங்கள் ஒரே ராத்திரியில் நடந்ததாகக்கூடச் சொல்வார்கள். ஆகவே முதலில் தேட வேண்டியது நாடகத்துக்கு அடித்த நோட்டீஸ். பேட்டி அதற்குப் பிறகு.

பெட்டியின் அடியில் கிடக்கும் நோட்டீஸில் கிழமையும் தேதியும் இருக்கும், வருஷம் பல நேரம் இருக்காது. உதாரணமாக “மே 14, சனிக்கிழமை” என்றிருக்கிறது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும் குடியாத்தத்தில் இப்படியொரு தேதி கிடைப்பது இயல்பு. 1955 முதல் 1977 வரை மே 14 சனிக்கிழமையில் வந்தது 1955, 1960, 1966, 1977 ஆகிய நான்கு வருஷங்களில் மட்டும். இனி டிக்கெட் விலையைப் பாருங்கள். அணா என்றால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. “50 ந.பை.” (நயா பைசா) என்றால் 1957க்கும் 1964 ஜூனுக்கும் இடைப்பட்டது, நான்கில் 1960 மட்டும் மிஞ்சும். ‘சார்வரி வருஷம்’ என்று அச்சாகியிருந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். பேச்சில் வரும் “எட்டணா டிக்கெட்” சான்றாகாது. பைசா வந்து வெகுகாலம் ஆகியும் ஐம்பது பைசாவை எட்டணா என்றே சொன்னார்கள்.

விலாசமும் உதவும். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. “வ.ஆ. மாவட்டம்” (வட ஆற்காடு) என்றால் பெரும்பாலும் 1989 பிரிவினைக்கு முந்தியது; பழக்கத்தில் பிறகும் போட்டிருக்கலாம். ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களை வைத்து 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. கையிலிருந்த ஈய எழுத்தைச் சின்ன அச்சகங்கள் உடனே தூக்கிப் போட்டுவிடவில்லை. அடியில் பொடி எழுத்தில் உள்ள அச்சகப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அச்சகத்தின் தேதியுள்ள கல்யாணப் பத்திரிகையோடு எழுத்தை ஒப்பிடலாம்.

நோட்டீஸை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். 600 டிபிஐயில் இரு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். பின்பக்கம் சிலசமயம் வரவுசெலவு எழுதியிருப்பார்கள். சீன் வாடகை, டிரஸ் வாடகை, ஆர்மோனியக்காரர் சம்பளம், வெளியூரிலிருந்து அழைத்த நடிகைக்குக் கொடுத்தது எல்லாம் அதில் தெரியும். முன்பக்கத்தைவிட அது மதிப்பானது.

பிறகுதான் பேட்டி. வருஷத்தைக் கேட்காமல், ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) போட்டவர் யார், வசனம் எடுத்துக்கொடுத்த பிராம்ப்டர் யார், மைக் செட் யாருடையது, மழை வந்ததா என்று கேளுங்கள். குழுப் படத்தின்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, தலைக்கு ஒரு எண்ணாகப் போட்டுப் பெயர் எழுதுங்கள். படத்தில் பேனா படக்கூடாது. இருவர் தனித்தனியே சொன்ன பெயர் ஒத்துப்போனால் மட்டும் சேருங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தையும், ஊர் ஊராய்ப் போன தொழில்முறைக் கம்பெனியையும் மன்றக் கணக்கில் சேர்க்காதீர்கள். “எங்க ஊர் நாடகம்” என்று பெரியவர்கள் சொல்வது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஒத்திகை எங்கே நடந்தது என்று கேட்டால் பிரித்துவிடலாம்.