போலந்துப் பிரபுக்களின் ஆட்சியுரிமை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுகளிலும் பெயர்களிலும் நேரும் பிழைகளை விட்டுவிடுகிறேன். ஒரு முறை சரிபார்த்தால் அவை திருந்திவிடும். மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது நான் முன்பு செய்த பெரிய பிழைகளையே மீண்டும் காண்பதால் இதை எழுதுகிறேன்.

வீட்டோவை (ஒருவரின் தடுப்புரிமையை) 1505-இல் தொடங்குவது

1505-இல் ராடோம் நகரில் நிறைவேறிய ‘நிஹில் நோவி’ சட்டத்தின்படி, செனட் அவையும் பிரதிநிதிகளும் பொதுவாக இசையாமல் மன்னர் புதிதாக எதையும் விதிக்கக் கூடாது. அந்தப் பொது இசைவை ஒவ்வொருவரின் இசைவு என்று வாசித்து, அவ்வாண்டு முதலே தனி ஒரு பிரபு சட்டத்தைத் தடுக்க முடிந்தது என்று என் முதல் கட்டுரையில் எழுதிவிட்டேன். அச்சான அந்த வரி இன்றும் மாணவர்களின் எழுத்தில் தலைகாட்டுகிறது. காணும்போதெல்லாம் மனம் எரிகிறது.

தனி உறுப்பினர் ஒருவரின் மறுப்பால் செய்ம் என்னும் நாடாளுமன்றம் கலைந்தது 1652-இல்தான். அன்று விளாதிஸ்லாவ் சிட்சின்ஸ்கி எதிர்த்தது எந்தச் சட்டத்தையும் அன்று, ஆறு வாரக் கெடுவைத் தாண்டிக் கூட்டத்தை நீட்டிப்பதையே. மறுப்பைப் பதிவுசெய்துவிட்டு அவர் வார்சாவை விட்டே சென்றுவிட, அவைத்தலைவர் ஃப்ரெட்ரோ அதைச் செல்லத்தக்கதாக ஏற்றார். வீட்டோ என்றதும் நம் வாசகருக்கு ஐ.நா. பாதுகாப்பு அவை நினைவுக்கு வரும். அங்கே வீழ்வது ஒரு தீர்மானம் மட்டுமே. செய்மிலோ ஒரு கூட்டத்தின் முடிவுகள் அனைத்தும் பிரிக்க முடியாத ஒரே தொகுப்பாகக் கருதப்பட்டதால், ஒரு குரலுக்கு எல்லாமே வீழ்ந்தன. மன்னர் மூன்றாம் அகஸ்டஸின் நீண்ட ஆட்சியில் 1736-ஆம் ஆண்டுக் கூட்டம் ஒன்றே சட்டங்களுடன் நிறைவுற்றதன் காரணம் இதை அறிந்தால்தான் விளங்கும்.

இதிலிருந்து தப்பவும் வழி இருந்தது. பிரபுக்கள் கூட்டிணைவு ஒன்றை, அதாவது பொது நோக்கத்துக்காக உறுதிமொழி ஏற்கும் கூட்டணியை, அமைத்து அதன்கீழ் செய்ம் கூடினால், பெரும்பான்மையே முடிவு. போலந்தின் பகுதிகளை அண்டை வல்லரசுகள் பங்கிட்டுக்கொண்ட முதல் பிரிவினைக்கு ஒப்புதல் தந்த 1773-ஆம் ஆண்டுச் செய்ம் இவ்வகையானது. வீட்டோவே நாட்டைப் பங்கிட்டது என்று எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை.

மன்னரைப் பொம்மை என்பது

ஆயர்களையும் வொய்வோடாக்கள் எனப்பட்ட மாகாணத் தலைவர்களையும் நியமித்துச் செனட் அவையை நிரப்பியவர் மன்னரே.

பிரபு என்றால் செல்வர் என்று கொள்வது

ஷ்லாக்தா எனப்பட்ட பிரபுக்கள் வகுப்பில் மாளிகைவாசிகளும் இருந்தனர். தம் கையால் ஏர் பிடித்தவர்களும், நிலமே இல்லாதவர்களும் இருந்தனர். சட்டத்தின் முன் அவர்கள் சமம் என்பதால், மன்னர் தேர்தலில் நேரில் சென்று வாக்களிக்கும் உரிமை வறிய பிரபுவுக்கும் இருந்தது. நடப்பில் அவர் வாக்கு பெரும்பாலும் அவரை ஆதரித்த பெருந்தனக்காரரின் விருப்பப்படியே விழுந்தது. இதனால்தான் 1791 மார்ச் மாதச் சட்டம், நிலமற்ற பிரபுக்களின் வாக்குரிமையை வட்டார அவைகளில் பறித்தது.